பசங்க இருக்கான்

வியாழன் இரவு பதினொன்றரை.
அச்சுக்குப் போக இன்னும் நாற்பது நிமிடம்.
ஸ்காட்லாந்தின் வடகிழக்கு மூக்கில்,
மீன் ஏலக்கூடத்துக்கு எதிர்மாடியில்,
எழுவாயும் பயனிலையும் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்தச்
சம்பளம் வாங்குகிறவள் நான்.

பெயரில் எஸ் ஏறினால் வினையில் இறங்கவேண்டும்.
வினையில் ஏறினால் பெயரில் இறங்கவேண்டும்.
வீட்டில் இரண்டு பேர், மழைக்கோட்டு ஒன்று.
யாராவது ஒருவர்தான் போட்டுக்கொள்ளலாம்.
இருபத்திரண்டு வருடமாக அந்தக் கோட்டை
ஒருவர் தோளிலிருந்து கழற்றி
மற்றவருக்கு மாட்டிவிடுகிறேன்.

நடுவில் புகுந்து ஏய்க்கிறவர்களையும் தெரியும்.
பெட்டி நிறைய நண்டுகள் என்றால்
நண்டுகளைப் பார்க்காதே, பெட்டியைப் பார்.
கவுன்சிலர் பிட்டென்ட்ரி ஒருமுறை போனில் கத்தினார்,
தான் சொன்ன 'ஆர்' எப்படி 'இஸ்' ஆயிற்றென்று.
பெட்டி ஒன்றுதானே ஐயா, என்றேன்.

இன்று முதல் பக்கத்தில்
கிளியர் மார்னிங்.
செவ்வாய் விடியலுக்குப் பிறகு
அந்த இழுவைப்படகு வானொலியில் பேசவில்லை.
நிருபன் ஃபெர்கஸ் எழுதியிருக்கிறான்:
படகுக்குழு காணாமல் போயிற்று.
குழு ஒருமை. எங்கள் கையேட்டில் பதினாலாம் பக்கம்.
போயிற்று.
சாவி போயிற்று. குடை போயிற்று.
பக்கத்து வீட்டுப் பூனை போயிற்று.
அழித்துவிட்டுப் 'போனார்கள்' என்று போட்டேன்.
கையேட்டை இழுப்பறையில் தள்ளி
முழங்காலால் மூடினேன்.

மூன்றாம் பத்தியில் ஜெஸிமா கௌவி.
ஐஸ் ஆலை வாசலில், ரப்பர் பூட்ஸோடு,
புதன்கிழமை ஃபெர்கஸிடம் சொன்னது:
"எம் பசங்க கடல்ல இருக்கான்."

எங்கள் கரைப்பேச்சு அப்படித்தான்.
மீன்காரங்க வர்றான். பொண்ணுங்க சிரிக்கிறா.
பெயர் எத்தனை பேரானாலும்
வினை ஒற்றை ஆளாக வந்து நிற்கும்.
'அவங்க' என்று தொடங்கினால் மட்டும்
'வர்றாங்க' என்போம்.
அப்பா காலத்தில் இதற்கு உள்ளங்கையில் தோல்வாரடி.
என் காலத்தில் சிவப்புச் சுழி.
அது பிழையே இல்லை, பல நூற்றாண்டுப் பழைய விதி என்று
பல்கலைக்கழகத்தில் ஒருவர் சொன்னபோது
நான் திருத்தப் பழகியிருந்தேன்.
வீட்டில் அம்மாவைக்கூட.

விரல் பழக்கத்தில் போய்விட்டது:
'இருக்கிறார்கள்.'

அப்போதுதான் துறைமுகத்திலிருந்து ஃபெர்கஸ்.
உயிர்காப்புத் தெப்பம் கிடைத்துவிட்டது, மோர்வென்.
பின்னால் யாரோ சங்கிலி இழுக்கும் சத்தம்.
உள்ளே?
உள்ளே ஒரு கையுறை.

ஆசிரியர் டால்கார்னோ என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.
ஒருமை பன்மை இத்தனை வருடத்தில் ஒருநாளும்
அவர் கண்ணில் பட்டதில்லை.
"ஜெஸிமா வரியைப் பார்," என்றார்.
"காலம் உதைக்கிறது."

எண் தவறென்றால் ஒரு விரல் போதும்.
இதற்கு யாரை எழுப்பிக் கேட்பது?
சின்னவன் பள்ளியில் என் மகளுக்கு ஒரு வகுப்பு மேலே.
பெரியவன் எங்கள் கூரையில் ஓடு மாற்றியவன்,
காசு வாங்காமல்.

நான் போட்ட 'கிறார்கள்'ளை எழுத்தெழுத்தாக எடுத்தேன்.
அவள் போட்டதை அவள் போட்டபடியே வைத்தேன்.
மேற்கோளுக்குள் கை வைக்கக்கூடாது, சார், என்றேன்,
இருபத்திரண்டு வருடமாக வைத்த கையை
மடியில் வைத்துக்கொண்டு.
அவர் கடிகாரத்தைப் பார்த்தார். போனார்.
பக்கம் போயிற்று.

திங்கட்கிழமை ஒரு கடிதம். நீல மை, நல்ல கையெழுத்து,
பெயர் வெளியிட வேண்டாமாம்.
முதல் பக்கத்தில், மூன்றாம் பத்தியில்,
எழுவாயோடு பயனிலை ஒத்துப்போகவில்லை
என்பதை வருத்தத்துடன் சுட்டிக்காட்டுகிறாராம்.

அன்புடையீர்,
கடிதம் கிடைத்தது.
ஆமாம்.
ஒத்துப்போகவில்லை.